நடுவில் வளைந்த கோடு

என் தங்கையின் வலது கண்ணில் நடுப்பார்வை போனதில் பெரும்பங்கு என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு வராது. நாற்பத்தோரு வருஷமாகக் கடை நடத்துகிறேன். வந்த ஆளிடம் ‘பார்க்கலாம், நாளைக்கு வாங்க’ என்று இழுத்தடித்தது கிடையாது. ஆகும் என்றால் ஆகும், ஆகாது என்றால் ஆகாது. அப்படிப்பட்டவன் ஒரே ஒரு விஷயத்தில் நாற்பத்து மூன்று நாள் கடத்திவிட்டேன். அந்த நாற்பத்து மூன்று நாளுக்குள்தான் அவள் கண்ணில் வடு விழுந்தது.

ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் ரேடியோ ரிப்பேர் செய்து ஆரம்பித்தவன் நான். படிப்பு ஐந்தாவது. அதற்கு மேலே எவ்வளவோ படித்தவர்கள் இன்று என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இப்போது மூன்று மாடி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழே போன் விற்பனை, நடுவில் ரிப்பேர், மேலே சரக்கு. இதில் ஒரு செங்கல்கூட அப்பன் பாட்டன் வைத்துவிட்டுப் போனதில்லை. ஆனால் அந்த நடுமாடி மட்டும் என்னுடையதில்லை, அவளுடையது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அவளை வளர்த்தவன் நானே. பத்தாவது வரை படிக்க வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே படிக்கட்டுக்கு அடியில் வந்து உட்காருவாள். சிறுவயதிலேயே கனத்த கண்ணாடி. எட்டத்தில் வரும் பஸ்ஸின் நம்பரைப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் ஏறுவாள். ஆனால் மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்துவிட்டால் அவளிடமிருந்து எதுவும் தப்பாது. நான் ஈயம் வைத்து ஒட்டிய கம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அண்ணே, இது ஒட்டல. சும்மா மேல உக்காந்திருக்கு” என்பாள். ஆட்டிப் பார்த்தால் கையோடு வரும். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு.

கடையில் அவளுக்குத் தராசு என்று பெயர். வைத்தவன் நான்தான். எடை கூடினாலும் குறைந்தாலும் ஒரே முகம். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து மேஜையை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள். ஒரு வெள்ளைத் தாளில் போனின் உருவத்தை வரைந்து, கழற்றும் ஆணிகளை அது அது இருந்த இடத்தில் வைப்பாள். மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். “சுவத்துல என்ன சினிமாவா ஓடுது?” என்று கேட்டால், “கண்ணுக்கு ரெஸ்ட் அண்ணே. உங்க மூஞ்சியப் பாத்தா ரெஸ்ட் கிடைக்காது” என்பாள். அவ்வளவுதான் அவள் பேச்சு.

எங்கள் இருவருக்கும் நெடுநாள் சண்டை ஒன்று உண்டு. திரையில் இருக்கும் புள்ளிகளைப் பற்றிய சண்டை.

போன் திரை என்பது புள்ளிகளால் ஆனது. ஒரு அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி அடைத்தோம் என்பதில்தான் கம்பெனிக்காரர்களுக்குள் போட்டி. நூற்றைம்பது, முந்நூறு ஆயிற்று. முந்நூறு, நானூறு ஆயிற்று. பிறகு ஐந்நூறையும் தாண்டியது. புள்ளி கூடக் கூட எழுத்தும் படமும் வழவழப்பாகத் தெரியும் என்பது கணக்கு. என் மகன்தான் கீழே விற்பனையைப் பார்க்கிறவன். அவனும் நானும் ஒரே கட்சி. அதிகம் இருந்தால் அதிகம் நல்லது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

“போனை மூக்குல ஒட்டிக்கிட்டா பாக்குறாங்க?” என்பாள் அவள். “ஒரு முழம் தள்ளிப் பிடிச்சா முந்நூறுக்கு மேல கண்ணு பிரிச்சுப் பாக்காது. நல்ல இளவட்டக் கண்ணா இருந்து, கிட்ட வெச்சுப் படிச்சா, நானூறு வரைக்கும் ஏதோ கொஞ்சம் தெரியும். அதுக்கு மேல யாருக்கு?”

“ஜனங்க கேக்குறாங்கம்மா. நான் கொடுக்குறேன்.”

“ஜனங்க கேக்கல. நீங்களும் உங்க மகனும் சொல்லிக் கொடுத்துக் கேக்க வைக்கிறீங்க.”

“இருந்துட்டுப் போகட்டுமே. சோறு கேக்குதா?”

“கேக்குது அண்ணே. பேட்டரியைக் கேக்குது. ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம்னு நொடிக்கு அறுபது தடவை உள்ளே இருக்குற சிப்பு சொல்லிக்கிட்டே இருக்கணும். அம்பது பேருக்குச் சமைக்கிறதும் நூறு பேருக்குச் சமைக்கிறதும் ஒண்ணா? அடுப்பு எரியத்தான் செய்யும். போன் சுடுதுன்னு தூக்கிக்கிட்டு எங்கிட்டத்தான வர்றாங்க.”

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்தபோது நான் அவருக்குக் கடையிலேயே உசத்தியான போனைக் கொடுத்தேன். சாதாரணமாகவா கொடுப்பேன்? பத்து நாள் கழித்து வந்தார்.

“மச்சான், போன் பாக்க ராஜா மாதிரி இருக்கு. ஆனா மூணாவது டிரிப்புக்குள்ள ராஜா படுத்துடுறாரு. டிப்போவுல இருந்து கூப்பிட்டா எடுக்க முடியல, மெமோ கொடுக்குறாங்க.”

அவள் அதை வாங்கி, செட்டிங்கில் போய், புள்ளி அளவை ஒரு படி இறக்கிவைத்துக் கொடுத்துவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ராஜா சாயங்காலம் வரை முழித்திருந்தார். ஆறு மாதம் கழித்து விஷயம் தெரிந்தபோது மாப்பிள்ளை நம்பவே இல்லை. “சும்மா சொல்லாத. படம் கண்ணாடி மாதிரி இருக்கு” என்று அவளிடமே வாதாடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே மாடலில் இரண்டு போனைக் கீழே மேஜையில் வைத்தேன். ஒன்றில் முழுப் புள்ளி, ஒன்றில் குறைத்த புள்ளி. வருகிறவர்களை எல்லாம் எது நல்லது என்று கேட்டேன். முதல் பத்துப் பேரில் ஏழு பேர் முழுப் புள்ளியைக் காட்டினார்கள். மேலே ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டேன். அபூர்வமாக இறங்கி வந்தாள். புள்ளி குறைத்த போனின் வெளிச்சத்தை மட்டும் விரலால் கொஞ்சம் ஏற்றிவிட்டு நின்றாள். அதற்குப்பின் வந்த பத்துப் பேரும் அதைத்தான் காட்டினார்கள். வேலையைப் பார்க்க மேலே போய்விட்டாள். தோற்றவன் நான்தான். ஆனாலும் அன்று மாலையே முழுப் புள்ளி மாடலில் இன்னும் இரண்டு பெட்டி வரவழைத்தேன். தோற்றேன் என்பதற்காகக் கொள்கையை விட்டுவிட முடியுமா?

இனி, திரையைச் சோதிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். உடைந்த திரையை மாற்றுவதுதான் எங்கள் பெரிய வேலை. புதுத் திரை வந்ததும் ஒரு மரத்தாங்கியின் பள்ளத்தில் செருகி நிற்க வைப்போம். வெள்ளைப் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடுகளைக் கட்டம் கட்டமாக ஓட விடுவோம். அவள் பார்ப்பாள். சரி என்றால் பில்லில் பச்சைப் பேனாவால் ஒரு கையெழுத்து. கையெழுத்து இல்லாத திரை என் கடையிலிருந்து வெளியே போகாது. தராசு வேண்டாம் என்றால் வேண்டாம், மறுபேச்சு இல்லை. இது நான் போட்ட சட்டம். இந்தச் சட்டத்தால்தான் என் கடை இந்த வீதியில் நிற்கிறது. ஒரு வருஷம் மட்டமான சரக்கு வந்து மற்ற கடைக்காரர்கள் எல்லாம் வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டபோது, என் கடையில் ஒரு திரைகூடத் திரும்பி வரவில்லை. அவள் கண் அப்படி.

பழைய திரைகளை அவள் இரண்டு கண்ணாலும் சும்மாவே பார்த்துவிடுவாள். ஐந்நூறு புள்ளித் திரை வந்தபோதுதான் அது முடியாமல் போயிற்று. அந்தக் கோடு ஒரே ஒரு புள்ளி கனம். வெறும் கண்ணுக்குச் சாம்பல் பூத்த மாதிரி இருக்குமே தவிர, கோடாகத் தெரியாது. அதனால் கடிகாரக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றை வாங்கிவந்தாள். வலது கண்ணில் லென்ஸ், இடது கண் மூடியிருக்கும்.

முதல் பெட்டியில் பன்னிரண்டு திரை. பன்னிரண்டையும் ஒதுக்கிவிட்டாள்.

“நடுவுல கோடு வளையுது அண்ணே. மேல் கண்ணாடியை ஒட்டும்போது பசை மேடு தட்டியிருக்கும். எல்லாத்துலயும் ஒரே இடத்துல.”

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. உடனே சரக்குக் கொடுப்பவருக்குப் போன் போட்டேன். அவரை நாங்கள் பெட்டிக்காரர் என்போம். மெலிந்த மனிதர், ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை பார்ப்பவர். “உங்க முதலாளிக்கு வேற கடையே கிடைக்கலையா? குப்பையை எங்கிட்ட கொண்டாந்து கொட்டுறீங்க” என்று ஆரம்பித்து, வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

என் மகன் மேலே வந்து லென்ஸை வைத்துப் பார்த்தான். “அப்பா, எனக்கு நேராத்தான் தெரியுது.”

“உன் கண்ணு விக்கிற கண்ணு. அவ கண்ணு பாக்குற கண்ணு. கீழ போ.”

முப்பத்தைந்து வயது மகன். நான்கு ஆட்களுக்கு முன்னால் சொன்னேன். முகம் சிவந்து இறங்கிப் போனவன் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டாவது பெட்டி வந்தது. அதிலும் அதே இடத்தில் வளைவு. வியாபாரிகள் கூட்டத்தில் எழுந்து நின்று இதைப் பேசினேன். “நாங்க அதே சரக்கைத்தான் போடுறோம், ஒருத்தரும் குறை சொல்லலையே” என்றார் ஒரு கடைக்காரர். “உங்க கடையில கண்ணு இல்ல, அதான்” என்றேன். கூட்டம் சிரித்தது. எனக்கு அன்று இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இருபதாம் நாள் வாக்கில் ஒரு சாயங்காலம் அவள் என்னிடம் சொன்னாள்: “வலது கண்ணு மட்டும் கொஞ்சம் கலங்கலா இருக்கு அண்ணே.”

“லென்ஸை இடுக்கி இடுக்கிக் களைச்சிருக்கும். ரெண்டு நாள் லீவு போடு” என்றேன். நானே மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். அக்கறையாகச் செய்தேன் என்று அப்போது நினைப்பு.

நாற்பத்து மூன்றாம் நாள் பெட்டிக்காரரே நேரில் வந்தார். கையில் ஒரே ஒரு திரை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உட்காரச் சொல்லவில்லை நான்.

“ஐயா, திட்டுறதுன்னா திட்டிக்குங்க. இருபத்தி நாலையும் மெஷின்ல வெச்சு அளந்து பாத்தோம். நூல் பிசகல. எங்க முதலாளி, நான்தான் உங்ககிட்ட ஏதோ தகராறு பண்ணி வெச்சிருக்கேன்னு சொல்றாரு. அம்மா முன்னாடி ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்.”

நடுமாடிக்கு அழைத்துப் போனேன். அவமானப்படுத்தி அனுப்பலாம் என்றுதான் அழைத்துப் போனேன். அவள் திரையை வாங்கி, தாங்கியில் செருகி, லென்ஸை இடுக்கினாள்.

“வளையுதுங்க. நடுவுல, கொஞ்சம் மேல தள்ளி.”

“பாத்தீங்களா?” என்றேன் நான்.

பெட்டிக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. “அம்மா, ஒரே ஒரு விஷயம். அந்தக் கட்டையில இருந்து எடுத்து, கையில வெச்சு, தலைகீழாத் திருப்பிப் பாருங்களேன். பசை மேடுன்னா அதுவும் கீழ வந்துடணும் இல்லீங்களா?”

எங்கள் தாங்கியின் பள்ளம் ஒரு பக்கமாகத்தான் திரையை ஏற்கும். பதினொரு வருஷமாக ஒரு திரையையும் யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. திருப்ப வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அவள் எடுத்துத் திருப்பினாள். பார்த்தாள். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி நேராக. அப்புறம் கழிவுப் பெட்டியிலிருந்து ஒரு பழைய திரையை எடுத்து, கட்டத்தை ஓடவிட்டு, லென்ஸ் வழியே பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவரைச் சுற்றிக்கொண்டிருந்த ஆட்களின் கை நின்றுவிட்டது. லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்தி, ஜன்னலைப் பார்த்தாள். நிமிஷக் கணக்கில் அப்படியே நின்றாள்.

“அண்ணே,” என்றாள். “ஜன்னல் கம்பியும் வளையுது.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “கம்பி நான் நின்னு போட்டது. வளையாது” என்றேன்.

“தெரியும் அண்ணே. அதான் சொல்றேன்.”

பிறகு பெட்டிக்காரரிடம் திரும்பினாள். “உங்க சரக்குல குத்தம் இல்லீங்க. குத்தம் எங்கிட்ட. பில்லைக் கொடுங்க, போட்டுத் தர்றேன்.” பச்சைப் பேனாவை எடுத்துவிட்டாள்.

அந்த மனிதர் பில்லைக் கொடுக்கவில்லை. சட்டைப் பையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். “கையெழுத்து கிடக்குதும்மா. முதல்ல கண்ணைப் பாருங்க. இன்னைக்கே போங்க” என்றார்.

கண்ணாஸ்பத்திரியில் மாப்பிள்ளை காக்கிச் சட்டையோடு வந்து சேர்ந்தார். டாக்டர் ஒரு பெண், என் மகனைவிட இளையவர். கண்ணின் உள்பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டினார். சமமாக இருக்க வேண்டிய தரை ஒரு இடத்தில் பொம்மிக்கொண்டு நின்றது.

“கண்ணுக்குப் பின்னாடி நடுவுல கடுகு அளவு ஒரு இடம் இருக்குங்க. அங்கதான் பார்வை நரம்புங்க ரொம்ப நெருக்கமா இருக்கும். எழுத்து படிக்கிறது, முகம் பாக்குறது எல்லாம் அந்தக் கடுகு பண்ற வேலை. இவங்களுக்குக் கண்ணாடி பவர் ரொம்ப அதிகம். அந்த மாதிரிக் கண்ணுல அந்த இடம் இழுபட்டு மெலிஞ்சிருக்கும். அதுக்கு அடியில புது ரத்தக்குழாய் முளைச்சு கசிஞ்சிருக்கு. தரை மேடாயிட்டா அது மேல விழுற கோடும் வளையத்தான செய்யும்?”

“ரெண்டு கண்ணாலயும் பாக்குறப்ப நேராத்தாங்க இருந்துச்சு” என்றாள் தங்கை.

“நல்ல கண்ணு மறைச்சிருக்கும். எத்தனை நாளா வளையுது?”

“நாப்பத்தி மூணு நாளுங்க. திரை கோணல்னு நெனச்சேன்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “முதல் வாரமே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். வடு விழ ஆரம்பிச்சிடுச்சு. கண்ணுக்குள்ள ஊசி போடணும். மேல பரவாம நிறுத்தலாம். போனது அத்தனையும் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்.”

நான் எழுந்துவிட்டேன். “எவ்வளவு பெரிய டாக்டர்னாலும் சொல்லுங்க. எங்க இருந்தாலும் கூட்டிட்டு வர்றேன்.”

“பெரிய டாக்டர் வேண்டாம் அண்ணே,” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. “ஒரு மாசம் முன்னாடி வேணும். வாங்கித் தர முடியுமா?”

என் வாழ்நாளில் என்னால் வாங்க முடியாத பொருளை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே நடைக்கு வந்ததும் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: “அவ கண்ணை நீங்க நம்புனீங்க மச்சான். நானும் நம்புனேன். நம்பாத ஆளு ஒருத்தர் இருந்திருக்கலாம்.”

ஒருவன் இருந்தான். நான்தான் அவன் வாயை அடைத்துக் கீழே அனுப்பினேன்.

மாதம் ஒன்றாக மூன்று ஊசி. மேடு அமுங்கியது. வடு நின்றுவிட்டது. இப்போது வலது கண்ணால் பார்த்தால் நடுவில் விரல் வைத்து அழித்த மாதிரி ஒரு கறை, சுற்றிலும் உலகம். இடது கண் நன்றாக இருக்கிறது. ஆனால் பூதக்கண்ணாடிக்கு அடியில் செய்யும் வேலைக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் சொல்ல வேண்டும். ஒற்றைக் கண்ணோடு ஈயம் வைத்தால் பக்கத்துப் புள்ளியில் போய் விழுகிறது. இரண்டு தடவை விழுந்தது. மூன்றாம் தடவைக்கு அவள் உட்காரவில்லை. தன் மேஜையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சாவியை என் மகன் கையில் கொடுத்துவிட்டுக் கீழே வந்தாள்.

மகனிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. நடுமாடியின் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தேன், அவனுக்குப் புரிந்தது. சட்டத்தையும் மாற்றினேன். ஒரு திரையை இரண்டு பேர் பார்க்க வேண்டும். கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றும் ஒருவர் சரி என்றும் சொன்னால் இருவரும் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு வர வேண்டும். ஆட்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பெட்டிக்காரரின் அலுவலகத்துக்கு மட்டும் நேரில் போனேன். நான்கு மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. அவர் முதலாளி எதிரில், தப்பு என் கடையில்தான் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இன்னொருவர் வாசற்படி ஏறி நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கீழே வந்த தங்கை விற்பனையையே மாற்றிவிட்டாள். அதிகப் புள்ளி வேண்டும் என்று வருகிறவர்களைக் கேள்வி கேட்பாள். “எவ்வளவு தூரத்துல பிடிச்சுப் படிப்பீங்க? பகல் பூரா சார்ஜ் நிக்கணுமா? போனை ஒரு பெட்டிக்குள்ள வெச்சு, கண்ணை ஒட்டித் தலையில மாட்டிக்கிட்டு விளையாடுவீங்களா? அப்படின்னா புள்ளி வேணும், எடுத்துக்குங்க. இல்லைன்னா எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கலாம், அது எல்லாப் போன்லயும் இருக்கு.” உசத்தியான மாடல்கள் பாதிக்குப் பாதி குறைந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் மட்டும் சொன்னேன். மனசு கேட்கவில்லை. “அந்த ஐந்நூறு புள்ளித் திரை வரலைன்னா நீ லென்ஸே எடுத்திருக்க மாட்ட. ரெண்டு கண்ணாலயும் பாத்துக்கிட்டு, ஒண்ணு போனதே தெரியாம இருந்திருப்ப. அதுக்காவது பிரயோசனம் ஆச்சா இல்லையா?”

யோசித்தாள். தராசு அல்லவா, எதையும் உடனே தள்ளமாட்டாள். “ஆச்சு அண்ணே,” என்றாள். “அது முதல் நாளே சொல்லிடுச்சு. காதுல வாங்கிக்க நமக்குத்தான் நாப்பத்தி மூணு நாள் ஆச்சு.”

‘உங்களுக்கு’ என்று சொல்லாமல் ‘நமக்கு’ என்றாளே, அதை நான் மறக்கவில்லை.

ஒரு கண்ணில் வந்தது மறு கண்ணிலும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டம் போட்ட ஒரு தாளும் கொடுத்திருந்தார். தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் அதைப் பார்க்க வேண்டும். அவள் அதை வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். பார்த்ததும் எனக்குப் போன் செய்து, “நேரா இருக்கு அண்ணே” என்பாள். அவ்வளவுதான், வைத்துவிடுவாள். அந்தப் போன் வரும்வரை நான் ஷட்டரைத் தூக்கமாட்டேன். வீதியில் எனக்கு முன்னால் எவன் கடை திறந்தாலும் எனக்குக் கவலையில்லை.

போன மாதம் ஒரு காலை. ஆட்கள் எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். போன் வந்தது.

“அண்ணே, ஒரு கோடு கொஞ்சம் சந்தேகமா இருக்கு.”

“இடதுலயா?”

“ம். லேசாத்தான். வெளிச்சம் பத்தலையோ என்னவோ. சாயங்காலம் ஒரு தடவை பாத்துட்டு...”

“கதவைப் பூட்டிட்டு வாசல்ல நில்லு. வர்றேன்.”

என் மகன் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டான். ஷட்டர் இறங்கியபடியே கிடந்தது. ஆட்களிடம், இன்றைக்குக் கடை இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றேன். நாற்பத்தோரு வருஷத்தில் சாவுக்குக்கூட அரைநாள்தான் மூடியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் துடைத்துக் கழுவும் அம்மா இன்னும் நடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஈரத்தில் நின்றோம். முதல் சீட்டு எங்களுடையது. மாப்பிள்ளை பஸ்ஸை வேறு டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிவந்தார்.

படம் எடுத்துப் பார்த்த டாக்டர், ஓரத்தில் ஒரு சின்ன இடத்தைப் பேனா முனையால் காட்டினார். ஒரு சொட்டு அளவு கசிவு.

“எத்தனை நாளா இருக்கு?”

“நாள் இல்லீங்க,” என்றாள் தங்கை. “ரெண்டு மணி நேரம்.”

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இன்னைக்கே ஊசி போட்டுடலாம். இந்தக் கண்ணு நிக்கும்” என்றார்.

மத்தியானம் கதவைத் திறந்து அவளை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். இடது கண்ணில் மூடி போட்டிருந்தார்கள். பார்க்க மிச்சம் இருந்தது அந்தக் கறை விழுந்த வலது கண் மட்டும். நான் எதிரே போய் நின்றேன். தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் சாய்த்துத் தேடினாள்.

“அண்ணே, உங்க காது ரெண்டும் தெரியுது. மூஞ்சியக் காணோம்.”

“இனிமே சுவத்தைப் பாக்காமலே நிம்மதியா சாப்பிடலாம்” என்றார் மாப்பிள்ளை. அவர் கண் நிறைந்திருந்தது. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நாளைக்குக் கழட்டிடுவாங்க. அது வரைக்கும் நான் சொல்றபடி நட” என்று அவள் கையைப் பிடித்தேன்.

“நீங்க சொல்றபடி வேண்டாம். படி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க.”

பதினெட்டுப் படி. ஒவ்வொன்றாகச் சொன்னேன்.